திறந்த தேதி

ஒருவரோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தாலே, அவருக்கு எந்தப் புத்தகம் ஒத்துவரும் என்று எனக்குத் தெரிந்துவிடும். உங்களுக்குப் பெரிய நாவல் வேண்டாம். நடுவில் யாராவது கூப்பிட்டால் மூடி வைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடர்கிற மாதிரி சின்னச் சின்ன அத்தியாயங்களாக இருக்க வேண்டும். என் அலமாரியில் அப்படி ஒன்று இருக்கிறது. வீட்டைச் சோதனை போட்ட உங்கள் ஆட்கள் கலைக்காமல் விட்டிருந்தால், மேல் தட்டில் இடது ஓரமாக இருக்கும். எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பித் தர அவசரமில்லை.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். ரசீதுப் புத்தகத்திலிருந்து நாவல் வரை என் கண்ணைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். கொம்பு விட்டுப்போனால் போடுவேன், புள்ளி அதிகமிருந்தால் எடுப்பேன். எழுதியவர் சொன்னதை மாற்ற எனக்கு அதிகாரம் கிடையாது. கதாநாயகி அநியாயமாகச் செத்துப்போனாலும், அவள் சாகிற வாக்கியத்தில் எழுத்துப்பிழை இல்லாமல் பார்த்துக்கொள்வதோடு என் வேலை முடிந்தது. பல வருஷம் அப்படியே இருந்தேன்.

சைக்கிள் கடை மாடியில் எங்கள் வாசகர் வட்டம் கூடும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆளுக்கொரு புத்தகம் கொண்டுவந்து, அது ஏன் பிடித்தது என்று சொல்லி மேசைமேல் வைக்க வேண்டும். வேண்டியவர் எடுத்துப்போகலாம். கீழே பஞ்சர் ஒட்டுகிற வாசனை மேலே வரும். நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பேசுவோம்.

அங்கே ராஜா ரேடியோக்காரர்தான். வானொலியில் செய்தி வாசித்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், ஒரே மகள் வெளியூரில். அவர் குரலில் சொன்னால் சமையல் குறிப்பும் காவியமாகிவிடும். அவர் பேசி முடிப்பதற்குள் மேசைக்கு இரண்டு மூன்று கைகள் நீளும். நான் வைத்த புத்தகம் வைத்த இடத்திலேயே கிடக்கும். பேசும்போது நடுநடுவே நிறுத்துவது என் தொழில் பழக்கம். "நம்ம காற்புள்ளி பேசி முடிக்கறதுக்குள்ள கீழ ஒரு பஞ்சரே ஒட்டிடலாம்" என்று அவர் ஒருநாள் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர். எனக்கு வலித்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அது காரணம் இல்லை.

நான் சிபாரிசு செய்வதை எடுத்துப்போகிறவள் ஒருத்தி மட்டும்தான், மருந்துக்கடைப் பெண். தலைவலி மாத்திரை வாங்கப்போன இடத்தில் போனைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை நான்தான் பிடித்திழுத்துப் படிக்க வைத்தேன். "பொட்டலம் கட்டின காகிதமா இருந்தாலும் படிச்சுட்டுத்தான் தூக்கிப் போடணும்" என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். நல்ல மாணவி. சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

பிறகு ரேடியோக்காரருக்குக் கண்ணில் கோளாறு வந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடிவிட்டதாம், ஓரமெல்லாம் இருட்டிக்கொண்டு வந்தது. போன பார்வை போனதுதான், இருக்கிற பார்வையைச் சொட்டு மருந்து காப்பாற்றிவிடும், காலையும் இரவும் தவறக்கூடாது என்றார் டாக்டர். சின்னதாக ஓர் ஆபரேஷன் செய்து, சில வாரம் படிக்கவும் கூடாது என்று சொல்லி அனுப்பினார். ரேடியோக்காரர் சோறில்லாமல் இருப்பார், புத்தகமில்லாமல் இருக்கமாட்டார். நான் வாசித்துக்காட்டுகிறேன் என்று போனேன். அவருக்குக் கை நடுங்கும், சொட்டு கன்னத்தில்தான் விழும். அதனால் மருந்து போடுகிற வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன். அச்சகத்துக்குப் போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை.

முதலில் வாசித்தது, ஓர் ஓடக்காரன் மனைவியைப் பற்றிய நாவல். நான் மேசையில் வைத்து யாரும் சீண்டாத புத்தகம். கடைசிப் பக்கத்தில் அவர் அழுதார். அந்த ஞாயிற்றுக்கிழமை கறுப்புக் கண்ணாடியோடு வந்து, "இந்தப் புத்தகத்த நான் படிக்கல. நம்ம காற்புள்ளி கண்ணால பாத்தேன்" என்று அந்தக் குரலில் சொன்னார். புத்தகத்துக்கு அடிதடியே நடந்தது. அடுத்த வாரம் நான் பேசும்போது கீழே பஞ்சர் ஒட்டுகிற சத்தம் கேட்கிற அளவுக்கு அறை அமைதியாக இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமும் இல்லை.

சில வாரம் போயிற்று. டாக்டர் பார்த்துவிட்டு, அழுத்தம் நன்றாக இறங்கியிருக்கிறது, மெதுவாகப் படிக்க ஆரம்பிக்கலாம் என்றார். திரும்பி வரும் வழியில் ரேடியோக்காரர் என் தோளில் தட்டினார்.

"உனக்கு இனிமே அலைச்சல் வேணாம்மா. நானே படிச்சுக்கறேன். சொட்டு போடறதுக்குப் பக்கத்து வீட்டுப் பையன் வருவான்."

"எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல சார்" என்றேன். பையன்களுக்குக் கை சுத்தம் போதாது என்றும் சொன்னேன். அது உண்மைதானே. மருந்து போடும் வேலை மட்டும் என்னிடம் இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டார். ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையாது.

அன்று சாயங்காலம் புதுப் புட்டி ஒன்று திறந்திருந்தேன். அதிலிருந்ததை வாஷ்பேசினில் ஊற்றினேன். தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, வடிகட்டிப் புட்டியில் நிரப்பினேன். கண்ணில் விடுகிற பொருளில் தூசு இருக்கக் கூடாது. அந்த விஷயத்தில் நான் ஒருநாளும் அலட்சியமாக இருந்ததில்லை.

"இப்பல்லாம் எரியவே மாட்டேங்குதே" என்றார் சில நாள் கழித்து.

"பழகிடுச்சு சார்" என்றேன்.

அவர் படிக்கத் தொடங்கினார். ஒரு பக்கம் படித்தார், அரைப் பக்கம் படித்தார், அப்புறம் வரியின் நடுவில் வழி தவற ஆரம்பித்தது. ஒருநாள் நான் போனபோது புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். அவர் கேட்காமல் நான் எடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

டாக்டர் மறுபடி பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். மருந்து தவறாமல் போடுகிறீர்களா என்று கேட்டார். ஒரு வேளைகூடத் தவறவில்லை என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. இன்னொரு ஆபரேஷன் செய்து பார்க்கலாம் என்றார். இந்த வயதில் இன்னொரு தடவை கத்தி வைப்பது அவ்வளவு நல்லதில்லை என்று மகளுக்குப் போன் செய்து சொன்னேன். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா. நீங்க இல்லேன்னா அப்பா கதி என்ன ஆயிருக்கும்" என்று அவள் அழுதாள். நான்தான் அவளைத் தேற்றினேன்.

அவருக்கு வெளிச்சம் மட்டும் தெரிகிற அளவுக்கு வந்த பிறகு, கதைகளிலும் ஒன்றிரண்டு திருத்தம் செய்ய ஆரம்பித்தேன். இருட்டில் உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு, குழந்தை செத்துப்போகிற முடிவை எப்படி வாசிப்பது? பிழைத்துக்கொண்டது என்று வாசித்தேன். பிரிந்தவர்களைச் சேர்த்து வைத்தேன். பக்கத்தைத் திருப்பும் சத்தம் மட்டும் சரியாக வர வேண்டும். மற்றதெல்லாம் எனக்குச் சுலபமாக வந்தது. எழுதியவர்களைவிட நன்றாகவே வந்தது என்றுகூடச் சொல்வேன்.

அதைக் கேட்டுவிட்டு அவர் ஞாயிற்றுக்கிழமை போய்ச் சிபாரிசு செய்வார். அங்கேதான் சிக்கல். புத்தகத்தை எடுத்துப்போனவர்கள் அடுத்த வாரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சார், அந்தக் குழந்தை செத்துல்ல போகுது?" என்றார் ஒருவர். ரேடியோக்காரர் சிரித்தார். அடுத்த முறை சிரிக்கவில்லை. அதற்கடுத்த முறை, அவர் பேசி முடித்ததும் மேசைக்கு ஒரு கையும் நீளவில்லை. படிக்கட்டில் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, சாருக்கு நினைவு தப்புகிறதா என்று கேட்டார்கள். வயசாச்சு இல்லையா என்றேன். அவர் வட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அவர் வட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். கண்ணை இமை காப்பதுபோல அவரைப் பார்த்துக்கொண்டேன். நீங்கள் யாரை வேண்டுமானாலும் விசாரிக்கலாம்.

மருந்துக்கடைப் பெண் மட்டும் நம்பவில்லை. "நாப்பது வருஷம் ஒரு எழுத்து மாறாம செய்தி வாசிச்ச மனுஷன், கதைய மாத்தியா சொல்லுவாரு?" என்று கேட்டுக்கொண்டு, ஒரு மத்தியானம் அந்தப் புத்தகங்களோடு அவர் வீட்டுக்கே வந்துவிட்டாள். எனக்கு அன்று அச்சகம் விடுமுறை. நான் வாசித்துக்கொண்டிருந்தேன். அவளை உட்காரச் சொன்னேன். டீ போட உள்ளே போனேன். சும்மா உட்கார்ந்திருக்கிறவள் என்ன செய்வாள்? கையருகே இருப்பதை எடுத்துப் படிப்பாள். மேசைமேல் இருந்தது மருந்துப் புட்டி.

வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்கள். அவள் பாயக்கூட இல்லை. நான் டம்ளர்களோடு வந்தபோது புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது என் கையெழுத்து."

கண் மருந்தைத் திறந்தால் ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாதாம். அதனால் விற்கும்போதே புட்டியின் ஓரத்தில் அன்றைய தேதியையே திறந்த தேதி என்று பேனாவால் எழுதிக் கொடுப்பது அவள் கடை வழக்கம். எனக்கும் எழுதித்தான் கொடுத்திருக்கிறாள். நான் பார்க்கவில்லை. அச்சில் இருந்திருந்தால் ஒரு புள்ளி தப்பியிருக்காது. கையெழுத்தைப் படிக்கிற வேலை என்னுடையது அல்ல, அது அச்சுக் கோக்கிறவருடையது. அத்தனை வருஷத்துப் பழக்கம் என் காலை வாரிவிட்டது.

"இது போன வருஷத் தேதி. அப்புறம் நீங்க எங்கிட்ட வாங்கவே இல்ல. ஆஸ்பத்திரியிலயே குடுத்துடறாங்கன்னு சொன்னீங்க." அவள் புட்டியைக் குலுக்கினாள். "போன வருஷம் திறந்தது எப்படிக்கா இன்னும் நிறைய இருக்கு?"

நான் டம்ளர்களை மேசைமேல் வைத்தேன். சிந்தவில்லை.

ரேடியோக்காரர் நாற்காலியில் அப்படியே இருந்தார். அவருக்குக் காது கூர்மை. பிறகு, "அந்த முடிவெல்லாம் நீயா போட்டதா?" என்று கேட்டார். ஆமாம் சார், உங்களுக்காகத்தான் என்றேன். கண்ணைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். முகத்தை மட்டும் அந்தப் பெண்ணின் பக்கம் திருப்பினார்.

"ஜன்னல் திறந்திருக்காம்மா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். திறந்துதான் இருந்தது. வெயில் அவர் முகத்தின் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. என்னைக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். இத்தனை நாளும் என்னைத்தான் கேட்பார்.

மற்றதெல்லாம் வாக்குமூலத்தில் நீங்கள் எழுதியிருப்பது சரிதான். மருந்தைக் கொட்டியது நான். தண்ணீர் நிரப்பியது நான். ஆபரேஷன் வேண்டாம் என்று தடுத்ததும் நான்தான். யாரும் தூண்டவில்லை, யாரும் உடந்தையும் இல்லை. கையெழுத்துப் போடுகிறேன், பேனாவைக் கொடுங்கள். இரண்டாம் பக்கத்தில் 'சாயங்காலம்' என்பதில் ஒரு கால் விட்டுப்போயிருந்தது, போட்டுவிட்டேன். கடைசி வரியில் மட்டும் பெரிய பிழை. 'அவருடைய கண்ணைக் கெடுத்தேன்' என்று இருக்கிறது. அடித்துவிட்டு, 'அவருக்குக் கண்ணாக இருந்தேன்' என்று எழுதிக்கொள்ளுங்கள்.