தட்டில் துப்பிய கறி

மத்தியாஸ்: துப்பிட்டா, முரியல்! வாயில போட்டதை அப்படியே தட்டுல துப்பிட்டா!

முரியல்: மெதுவா பேசுங்க... கடையில எல்லாரும் பார்க்கிறாங்க.

மத்தியாஸ்: பார்க்கட்டும்! இவ்வளவு நேரம் அவ கத்தினதைப் பார்த்தாங்கல்ல, இப்ப நான் கத்துறதையும் பார்க்கட்டும். சம்பந்தியாகப் போறவளாச்சேன்னு வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். "இது நிஜ ஆட்டுக்கறி, வேணும்னே எனக்கு ஊட்டிட்டீங்க"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றா!

முரியல்: பிறந்ததுல இருந்து சைவம்... நாக்குல பட்டதும் பயந்திருப்பா.

மத்தியாஸ்: பயமா? "வேதக்காரங்க புத்தி இதுதான்"னு சொன்னாளே, அதுவும் பயத்துலயா? நாம கிறிஸ்தவங்கன்னா அவ்வளவு கேவலமா?

முரியல்: அது... அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

மத்தியாஸ்: நம்ம பொண்ணு முகத்தைப் பார்த்தியா நீ? "ஆன்ட்டி, ஆன்ட்டி"ன்னு அவங்க கார் பின்னாலயே ஓடுறா. நான் வளர்த்த பிள்ளை, ரோட்டுல நின்னு கெஞ்சுறா! மாப்பிள்ளைப் பையன் அகிலன் பாவம், கார்ல இருந்து இறங்கவும் முடியாம உக்காரவும் முடியாம...

முரியல்: ஃபியோனா வந்துடுவா. நீங்க உக்காருங்க. அவங்க வீட்டுக்காரரு சேதுகூட வாயே திறக்கல, பார்த்தீங்களா? பொண்டாட்டி அவ்வளவு பேசுறா, தலையைக் குனிஞ்சுக்கிட்டு பின்னாலயே போறாரு.

மத்தியாஸ்: அவரை விடு. அவரு நல்ல மனுசன்.

முரியல்: உங்களுக்கு எப்படித் தெரியும்? இன்னிக்குத்தானே முதல் தடவையா பார்க்கிறீங்க?

மத்தியாஸ்: பார்த்தா தெரியாதா லா? பேச்சை மாத்தாத. இவங்களுக்காக ஒரு வாரமா நம்ம வீட்டுல கருவாட்டு வாசம்கூட வரல. சைவக்காரங்க மனசு கோணக் கூடாதுன்னு நம்ம ஊரு புக்கிட் ரோத்தான்ல இருந்து தஞ்சோங் காராங் வரைக்கும் வந்து... ஆமா, இந்தக் கடையைச் சொன்னது யாரு? நீதானே?

முரியல்: ...ஆமா. நல்லா இருக்கும்னு சொன்னாங்க.

மத்தியாஸ்: யாரு சொன்னா?

முரியல்: யாரோ... ஞாபகம் இல்ல.

மத்தியாஸ்: தௌக்கே! கடைக்கார அம்மா, இங்க கொஞ்சம் வாங்க! சைவக் கடைன்னு வாசல்ல எழுதி வெச்சிட்டு உள்ள ஆட்டை அறுக்கிறாளா இந்த சீனத்தி...

ஆ ஹூன்: சீனத்திக்குத் தமிழ் தெரியும், அண்ணே. எங்கப்பா எஸ்டேட் வாசல்ல மளிகைக் கடை வெச்சிருந்தாரு. லயத்துத் தமிழ்ப் பிள்ளைங்களோட அடிச்சுப் பிடிச்சு வளர்ந்தவ நான். தமிழ்ல திட்டினா புரியும். திருப்பித் திட்டவும் தெரியும். என்ன சொன்னீங்க... ஆடா?

முரியல்: அவரு ஏதோ கோவத்துல... நீங்க தப்பா எடுத்துக்காதீங்க...

மத்தியாஸ்: நீ இரு. ஆமாங்க, ஆடு. இந்தக் கறியை வாயில வெச்சுப் பாருங்க. நாரு நாரா பிரியுது. ஆட்டுக்கறி மாதிரியே வாசம். எங்க வீட்டுக்கு வர இருந்த சம்பந்தம் இந்தத் தட்டால முறிஞ்சு போச்சு!

ஆ ஹூன்: அது காளான் தண்டு! அவிச்சு, பிழிஞ்சு, நானே மசாலா போட்டுப் பிரட்டுறேன். குசினிக்கு வாங்க, ஐஸ்பெட்டியைத் திறந்து காட்டுறேன். ஒரே ஒரு எலும்பு எடுத்துக் காட்டுங்க, இன்னிக்கே கடையை இழுத்து மூடிடறேன்.

மத்தியாஸ்: பக்கத்துத் தட்டுல இருக்கிற அந்த மீன்? தோலோட இருக்கே!

ஆ ஹூன்: அது சோயாத் தோல். கறுப்பா இருக்கிறது கடல்பாசி. அண்ணே, நீங்க சைவம்னா வெங்காயம் பூண்டு போடுவீங்க. நான் அதைக்கூடப் போட மாட்டேன். அங்க பாருங்க, எங்க சாமி குவான் யின் அம்மா விளக்கோட நிக்கிறாங்க. அவங்க கண்ணு முன்னால ஆடு சமைப்பேனா நான்? என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?

மத்தியாஸ்: ...இல்லதான்.

ஆ ஹூன்: யாரு சொன்னது ஆடுன்னு? நான் பின்னால அடுப்புல நின்னேன். சத்தம் கேட்டு வெளிய வர்றதுக்குள்ள காரு கிளம்பிடுச்சு.

மத்தியாஸ்: மாப்பிள்ளையோட அம்மா. பச்சைச் சேலை கட்டிக்கிட்டு, மூக்குத்தி போட்டு... கோமளான்னு பேரு.

ஆ ஹூன்: கோமளாவா? நம்ம கோமளாவா?

முரியல்: என்னங்க, பில்லைக் கட்டிட்டு கிளம்பலாம். ஃபியோனா வெளிய தனியா...

மத்தியாஸ்: இரு முரியல். தௌக்கே, உங்களுக்கு அவளைத் தெரியுமா?

ஆ ஹூன்: தெரியுமாவா! வெள்ளிக்கிழமை தவறாம வருவா. வேற எதுவும் கேட்க மாட்டா, இந்தக் காளான் மட்டன்தான். குசினிக்குள்ளயே வந்து எட்டிப் பார்த்து, "மிளகு கொஞ்சம் தூக்கலா போடு ஆ ஹூன்"னு சொல்லுவா. வீட்டுக்கும் கட்டிக்கிட்டுப் போவா. அவளா ஆடுன்னு சொன்னா? என் கடைப் பேரைக் கெடுக்கணும்னு என்ன வந்துச்சு அவளுக்கு? வரட்டும் வெள்ளிக்கிழமை!

மத்தியாஸ்: அப்ப தெரிஞ்சே... தெரிஞ்சேதான் துப்பியிருக்கா. கேட்டியா முரியல்? எல்லாம் நடிப்பு! நேரா வேணாம்னு சொல்ல வக்கில்லாம நம்ம தலையில பழியைப் போட்டுட்டுப் போயிருக்கா! கார் சாவியைக் கொடு.

முரியல்: எங்க போறீங்க?

மத்தியாஸ்: அவ வீட்டு வாசலுக்கு. தெருவே கேட்கணும்.

முரியல்: போகாதீங்க.

மத்தியாஸ்: சாவி!

முரியல்: வேணாங்க... அவளைத் திட்டாதீங்க. அவ மட்டும் பண்ணல.

மத்தியாஸ்: என்ன? முரியல், என்ன சொன்ன?

ஆ ஹூன்: அடுப்புல சட்டி இருக்கு. நான் உள்ள போறேன், அக்கா.

முரியல்: போன வாரம் நான்தான் அவளுக்கு போன் பண்ணேன். சண்டை போடத்தான் பண்ணேன். "என் பொண்ணை உங்க சாமி ரூம்ல நிறுத்திடுவீங்களா"ன்னு கேட்டேன். "என் பையனை உங்க மாதா கோயிலுக்கு இழுத்துக்கிட்டுப் போயிடுவீங்களா"ன்னு அவ கேட்டா. பிறக்கிற பிள்ளைக்கு ஞானஸ்நானமா, மொட்டையான்னு பேச்சு வந்துச்சு. அப்புறம்... ரெண்டு பேரும் அழுதுட்டோம்.

மத்தியாஸ்: அழுதுட்டு?

முரியல்: பிள்ளைங்ககிட்ட வேணாம்னு சொல்ல எனக்கும் தைரியம் இல்ல, அவளுக்கும் இல்ல. இந்தக் கடையைச் சொன்னதே அவதான். கறி வந்ததும் துப்பிடறேன்னு சொன்னா. "வேதக்காரங்க புத்தி"ன்னு சொன்னது மட்டும் எங்க பேச்சுல இல்ல. அது அவளா சேர்த்துக்கிட்டது. எனக்கும் சுருக்குன்னு இருந்துச்சு.

மத்தியாஸ்: உனக்குச் சுருக்குன்னுதான் இருந்துச்சு. என் பொண்ணு ரோட்டுல அழுதுக்கிட்டு நிக்கிறா!

முரியல்: ரெண்டு மாசம் அழுவா. அப்புறம் சரியாயிடும்.

மத்தியாஸ்: அப்ப நான் எதுக்கு? எனக்குப் புதுச் சட்டை மாட்டிக் கூட்டிட்டு வந்து இங்க உக்கார வெச்சது எதுக்கு?

முரியல்: நீங்க கோவப்படணும்னுதான். நான் சொன்னா ஃபியோனா கேட்க மாட்டா. நீங்க சொன்னா கேட்பா. "எங்கப்பாவை அசிங்கப்படுத்தின வீடு"ன்னு அவளே விட்டுடுவான்னு... கையை எடுக்காதீங்க.

மத்தியாஸ்: என் கோவத்தைக்கூட நீ கணக்குப் போட்டு வெச்சிருக்க.

முரியல்: தப்புத்தான். திட்டுங்க. ஆனா நடந்தது நடந்து போச்சு. வெளிய போய் அவகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க... இந்தச் சம்பந்தம் நமக்கு வேணாம்னு.

மத்தியாஸ்: சொல்ல முடியாது.

முரியல்: ஏன்?

மத்தியாஸ்: இன்னிக்கு இந்தச் சாப்பாடு எதுக்குன்னு நினைச்ச? உன்கிட்டயும் கோமளாகிட்டயும் சம்மதம் கேட்கிறதுக்குன்னா? கேட்கிறதுக்கு இல்ல, முரியல். சொல்றதுக்கு. வயிறாரச் சாப்பிட்டதும் மெதுவா சொல்லிக்கலாம்னு இருந்தோம்.

முரியல்: என்னத்தைச் சொல்றதுக்கு? "இருந்தோம்"னா... யாரு?

மத்தியாஸ்: போன வியாழக்கிழமையே பிள்ளைங்க ரெண்டு பேரும் கல்யாணத்தை ரெஜிஸ்டர் பண்ணிட்டாங்க. ஒரு சாட்சியா நான் நின்னேன். இன்னொரு சாட்சி... தலையைக் குனிஞ்சுக்கிட்டு கோமளா பின்னால போனாரே, அவருதான்.