அங்கிட்டுப் போன மயில்கள்

வெற்றிசெல்வன்: ...சுத்தி வளைச்சுப் பேச வேணாங்கக்கா. மருந்து வச்சீங்களா, இல்லியா?

அமராவதி: என்னா மருந்து? காலங்காத்தால என் கடலைக் கொல்லையில வந்து நின்னுக்கிட்டு...

வெற்றிசெல்வன்: மயிலுக்குக்கா! மூணு நாளா மயிலு பாக்குற டவர் பக்கம் ஒண்ணுகூட வரல. பத்து மணிக்கு வனத்துறை ஆபீசருங்க வர்றாங்க.

அமராவதி: வரட்டும். மேல ஏறிக் காத்து வாங்கிட்டுப் போகட்டும்.

வெற்றிசெல்வன்: வெளையாடாதீங்க! மயிலு இல்லைன்னா டவர மூடிருவாங்க. என் கைடு வேலையும் போச்சு. மயிலக் கொன்னா ஜெயிலு, தெரியும்ல?

அமராவதி: நல்லாத் தேடிப் பாருங்க. விராலிமலை முருகன் வாகனத்துக்கு வெசம் வைக்கிறவளா நானு?

வெற்றிசெல்வன்: அன்னைக்கு ஊர்க் கூட்டத்துல மயிலப் பத்தி அந்தக் கத்து கத்துனீங்களே!

அமராவதி: கத்தாம? ரெண்டு தடவ கடலை வெதைச்சேன். ரெண்டையும் கிளறித் தின்னுருச்சு. ஊர்க்காரங்க கருத்துன்னு ஃபாரம் வந்துச்சே, அதுல என்னா எழுதுனீங்க? 'எல்லாரும் சந்தோசமா இருக்காங்க'!

வெற்றிசெல்வன்: நானுந்தான் போன வாரம் கடலை போட்டிருக்கேன். கத்துறேனா?

அமராவதி: ஒங்க கொல்லை கொளத்துக்கு அங்கிட்டு. டவர் இருக்குறது இங்கிட்டு, என் வேலிய ஒட்டி. டவர் வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு வரும், வெரட்டுனாப் போயிரும். அப்புறம் ஏன் அறுபது மயிலு என் வேலியோரமே நின்னுச்சு?

வெற்றிசெல்வன்: பறவைக்கா... அதுக்குப் புடிச்ச எடம். எனக்கென்ன தெரியும்?

அமராவதி: தெரியாதா?... டவருக்குக் கீழ மயிலுக்குக் கம்பந்தானியம் எறைக்கலாமான்னு ஆபீசர்ட்ட கேக்கவா?

வெற்றிசெல்வன்: மெல்லப் பேசுங்கக்கா... இரை போடக்கூடாதுன்னு நாந்தான் போர்டே வச்சேன். ஏதோ... ஒரு கைப்பிடி...

அமராவதி: கைப்பிடியா! தெனம் ஒரு வாளி. என் கண்ணால பாத்தேன்.

வெற்றிசெல்வன்: வர்றவங்க மயிலப் பாக்காமத் திரும்புனா திட்டுறாங்கக்கா. அதான்...

அமராவதி: அதுக்கு என் வெதைதான் கெடைச்சுச்சா?

வெற்றிசெல்வன்: தப்புதான். இனிமே சத்தியமாப் போட மாட்டேன். ஆனா இந்த மூணு நாளும் போட்டேனே... அப்படியும் ஏன் வரல? ஒங்களுக்குத் தெரியும். கால்ல வேணா விழறேன், மயிலெல்லாம் எங்கக்கா?

அமராவதி: ஒங்க கொல்லையில. நீங்க எறைச்சுட்டு நகந்ததும் ஒரு மணிகூட விடாம கூட்டி அள்ளி, மூணு நாளா ஒங்க கடலைக்கு மேலதான் எறைக்கிறேன்... ஆபீசருங்கள அங்கயே கூட்டிட்டுப் போங்க தம்பி.