பழிய மரத்து மேல போடாதீங்க

உக்கார மாட்டேன் டாக்டர். உக்காந்தா நீங்க அந்த டார்ச்ச எடுத்து மூக்குல அடிப்பீங்க, மூணு செகண்ட் பாப்பீங்க, தூசி அலர்ஜின்னு எழுதுவீங்க, நானும் சொட்டு மருந்த வாங்கிக்கிட்டு சரிங்க டாக்டர்னு போயிடுவேன். மூணு தடவை அப்படித்தானே போனேன்? இன்னைக்கு நின்னுக்கிட்டே பேசுறேன். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். பெரிய ஆஸ்பத்திரியில மூக்குக்குள்ள கேமரா விட்டுப் பாக்கச் சொல்லி ஒரு லெட்டர். கம்பெனி டாக்டருன்னு உங்க கையெழுத்து, உங்க சீல். அது கைக்கு வராம இந்த ரூமவிட்டு நகர மாட்டேன்.

தெரியும், லெட்டர் இல்லாமலே பாப்பாங்க. ஆனா எனக்கு உங்க லெட்டர்தான் வேணும். ஏன்னு சொல்றேன் இருங்க. வெளியில யாரும் காத்துக்கிட்டு இல்ல, பாத்துட்டுத்தான் வந்தேன். விரல்ல ஆணி ஏறின ஒருத்தர் இருந்தாரு, அவருக்கும் நர்ஸம்மா கட்டுப் போட்டு அனுப்பியாச்சு.

சளியில கொஞ்சம் ரத்தம் வந்தா உடனே பதறக் கூடாதுங்கிறீங்க. யாரு பதறினா? பதினாலு வருஷமா இந்த ஃபர்னிச்சர் பட்டறையில உப்புத்தாள் தேய்க்கிறேன். எங்க ஹால்ல யார் மூக்குல ரத்தம் வந்தாலும் முதல்ல என்னைத்தான் கூப்பிடுவாங்க. மேஸ்திரிக்கு ஒரு நாள் கொடகொடன்னு கொட்டுச்சே, அப்ப நீங்க லீவு. மனுஷன் தலைய அண்ணாந்துக்கிட்டு உக்காந்திருக்காரு, ஒருத்தர் உச்சியில தண்ணி ஊத்துறாரு, இன்னொருத்தர் வெங்காயம் தேடி ஓடுறாரு. நான் போயி கழுத்தப் பிடிச்சு முன்பக்கமா குனிய வச்சு, மூக்கோட மெத்துன்னு இருக்கிற எடத்த ரெண்டு விரலால அழுத்திப் பிடிச்சேன். கடிகாரத்தப் பாத்துக்கிட்டே பத்து நிமிஷம். நின்னுடுச்சு. மேஸ்திரி மூக்கப் பிடிக்கிற வாய்ப்பு யாருக்குக் கெடைக்கும் சொல்லுங்க, நான் பதினொண்ணாவது நிமிஷமும் விடல! அண்ணாந்தா ரத்தம் தொண்டைக்குள்ள எறங்கிடும்னு நீங்கதானே எங்களுக்கு வகுப்பு எடுத்தீங்க? எல்லாரும் தூங்கி வழிஞ்சாங்க. நான் கேட்டேன்.

பசை தடவுற பொண்ணுக்கு வந்துச்சு. ஜலதோஷம், வேகமா சிந்திச் சிந்தி உள்ள புண்ணாக்கிக்கிட்டா. கணக்கு ரூம்ல இருக்காரே கண்ணாடிக்காரரு, அவரு நாள் முழுக்க ஏசி காத்துக்கு நேரா உக்காந்து மூக்கக் காய வச்சுக்கிட்டாரு. பாலிஷ் போடுற பெரியவருக்கு நெஞ்சுக்குக் குடுத்த மாத்திரை, ரத்தத்த இளக்குறது. அதை அவரா நிறுத்தக் கூடாது, எழுதிக் குடுத்த டாக்டரப் போய்ப் பாக்கச் சொன்னேன். பேக்கிங்ல இருக்கிற தொப்பைக்காரருக்கு வேற காரணமே வேண்டாம், விரல் குடியிருக்கிறதே மூக்குலதான். எல்லாருக்கும் ஒரு வாரம், பத்து நாள், அத்தோட சரி. நானும் வாஸலின் தடவிக்கோ, தண்ணி நெறையக் குடின்னு சொல்லி அனுப்பினவதான். முதல் தடவை நீங்க என்கிட்ட அலர்ஜின்னு சொன்னப்ப உங்க மேல எனக்குக் கோவமே இல்ல. நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். மூணாவது தடவையும் அதையே சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான் கோவம்.

மரத்தூள்தானா? வந்துட்டீங்களா அங்க? பழிய மரத்து மேல போடாதீங்க டாக்டர்.

எங்க ஹால்ல சிவப்பு மரம் வர்ற வாரத்துல எல்லாருக்கும் சளி செக்கச்செவேல்னுதான் இருக்கும். புதுசா வேலைக்குச் சேர்றவங்க முதல் நாள் கர்சீப்பப் பாத்துட்டு ஐயோ அம்மான்னு அலறுவாங்க. நாங்க வயித்தப் பிடிச்சுக்கிட்டு சிரிப்போம். அடி அசடே, அது ரத்தமில்ல, நாற்காலிக் காலுன்னு சொல்லுவேன். நான்தான் சொல்லுவேன்! அவங்களும் சிரிச்சுட்டு, அதுக்கப்புறம் கர்சீப்பப் பாக்கிறதையே விட்டுடுவாங்க. நாங்க பண்ணின முட்டாள்தனம் அதுதான். சிவப்பப் பாத்தா மரம்னு கண்ணப் பழக்கி வச்சுட்டோம். நெஜமாவே ரத்தம் வந்தா எவளுக்குத் தெரியும்?

எனக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னா, துவைக்க எடுக்கிறப்ப. காஞ்ச கர்சீப்ப உதறினா தூளு பறந்துடும், ரத்தம் போகாது. என்னோடது போகல. சரி, பாத்துடுவோம்னு மேஸ்திரிகிட்ட போயி என்னை வெள்ளை மரத்துக்கு மாத்துங்கன்னேன். ஏன், மகாராணிக்கு நெறம் புடிக்கலையான்னு கேட்டாரு. ஆமாம், புடிக்கலன்னேன். மூணு வாரம் டாக்டர். பால் மாதிரி வெளுத்த மரம், அதுலயும் மாஸ்க் போட்டுக்கிட்டுத்தான் தேய்ச்சேன். மூணு வாரமும் ரத்தம். அதுவும் வலது பக்கம் மட்டும். தூசி என்ன, ஒரு மூக்கோட்டையப் பாத்து இன்னொண்ண விட்டுட்டா போகும்? ரெண்டுலயும்தானே ஏறணும்? அந்தப் பக்கம் அடைப்பு, கெட்ட வாடை, கன்னத்துல தொட்டா தொட்ட மாதிரியே இல்ல. இதெல்லாம் உங்க வகுப்புலயே சொன்னீங்க. ஒரே பக்கம் தொடர்ந்து வந்தா விடக் கூடாதுன்னீங்க. மரத்தூள்ல வருஷக்கணக்கா நிக்கிறவங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும்னீங்க. சொன்னவருக்கே மறந்து போச்சு, கேட்டவளுக்கு மறக்கல.

வேண்டாம், டார்ச்ச உள்ள வைங்க. என் மூக்க நீங்க பாத்த வரைக்கும் போதும். லெட்டர எழுதுங்க.

மேஸ்திரி என்ன சொல்லுவாரா? என்ன வேணா சொல்லட்டும். லெட்டர் குடுத்தா ஆளு நின்னுடும், பெஞ்சு காலியாயிடும்னு அவரு உங்க காதுல ஓதுறது ஹால்ல எல்லாருக்கும் தெரியும். நீங்க அவருக்கு டாக்டரா, எங்களுக்கு டாக்டரா? கோவிச்சுக்காதீங்க, கேக்கத்தான் வந்திருக்கேன்.

எங்க வீட்டுக்காரரப் பாருங்க. அதான், அறுக்கிற மிஷின்ல நிக்கிறாரே, உசரமா, பேசவே காசு கேக்கிறவரு. அவருக்கு நீங்க சொன்னா வேதம். வெளி டாக்டருங்க எல்லாம் இல்லாததச் சொல்லிப் பயமுறுத்துவாங்களாம், நம்ம டாக்டருதான் நம்ம உடம்பு தெரிஞ்சவராம். எத்தனையோ தடவை மல்லுக்கட்டிப் பாத்துட்டேன். செல்போனப் பாத்துப் பாத்து நீ கெட்டுப்போயிட்டேங்கிறாரு. கல்லு கூடக் கரையும், இந்த மனுஷன் கரைய மாட்டேங்கிறாரு. அதனாலதான் உங்க சீல் வேணுங்கிறேன். இப்பப் புரியுதா?

அப்பாடா, பேனாவ எடுத்துட்டீங்க. நல்லது. இருங்க, இருங்க, என் பேர எழுதாதீங்க! எனக்கில்ல அது.

எனக்குப் போன மாசமே பாத்துட்டாங்க டாக்டர். அக்கா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு நானே போனேன். கேமரா விட்டாங்க, சதை எடுத்து சோதிச்சாங்க. கேன்சர்தான். வர்ற புதன்கிழமை ஆபரேஷன். ஏன் எந்திரிக்கிறீங்க, எழுதுங்க.

லெட்டர் அவருக்கு. நாலு மாசமா அவருக்கும் வருது, ஒரே பக்கம். ஒரு தடவை உங்ககிட்ட வந்தாரே, அதே சொட்டு மருந்தத்தான் குடுத்து அனுப்பினீங்க. அதுல இருந்து எனக்குத் தெரியாம தொடைச்சுத் தொடைச்சு வச்சுக்கிறாரு, துணி துவைக்கிறவளுக்குத் தெரியாதா? என்னோட விஷயத்த அவர்கிட்ட இன்னும் சொல்லல. சொன்னா முடிஞ்சுது கதை. தன் மூக்க மறந்துட்டு என் கட்டில் பக்கத்துலயே உக்காந்துடுவாரு. முதல்ல நீ தேறி வா, அப்புறம் எனக்குப் பாக்கலாம்பாரு. அந்த அப்புறம் எனக்கு வேண்டாம். புதனுக்கு முன்னாடி அவரு போய்ப் பாத்துட்டு வந்தாகணும். அதுவரைக்கும் என்னைப் பத்தி நீங்க மூச்சு விடக் கூடாது.

பயமா? இருக்கு, ஏன் இல்லாம. ராத்திரி பகல் பயந்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா எங்க ரெண்டு பேரையும் சேத்து இந்த நோயி வாரிக்கிட்டுப் போக நான் விட மாட்டேன்.

எழுதுங்க டாக்டர். வயசு அம்பத்திரெண்டு. வேலை, அறுக்கிற மிஷின். அவருக்கு இடது பக்கம்.