சாக்பீஸ் கோட்டுக்குள் ஒரு கார்

வெள்ளை நிறத்தை நான் முதல் நாளே தள்ளிவிட்டேன், சார். எங்கள் பக்கம் வெள்ளைக் கார் வாங்குகிறவன் ஒன்று தினமும் துடைக்க ஆள் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெட்கம் இல்லாதவனாக இருக்க வேண்டும். ஆடிக் காற்றில், தங்கச் சுரங்கக் கழிவு மலையாய்க் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து கிளம்புகிற தூசி வீட்டுக்குள் தட்டுச் சோற்றையே விடுவதில்லை, காரை விடுமா? கறுப்பு இன்னும் மோசம். எல்லாவற்றையும் ஒதுக்கிய பிறகு மிஞ்சியது ‘நிலவுத் தூசி’ என்ற நிறம். சயனைடு மேட்டின் அதே சாம்பல்தான். கம்பெனிக்காரன் அதற்கு நிலாவைக் காரணம் சொல்லிக் கூடுதல் காசு கேட்கிறான்.

நீங்கள் கேட்டது பக்கத்து வீட்டு ஏசுபாதம் மாமா எப்படிச் செத்தார் என்று. அதற்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன். காரிலிருந்து ஆரம்பித்தால்தான் அங்கே போய்ச் சேர முடியும். வாக்குமூலத்தை எழுதுகிறவர் நிதானமாக எழுதட்டும், எனக்கு அவசரம் இல்லை.

என் பெயர் தாமோதரன். ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு. தினமும் ரயிலில் பெங்களூர் போய்த் திரும்புகிறவன். ஆபீசில் எனக்குப் ‘பசுமைத் தூதர்’ என்று ஒரு பட்டம் உண்டு. சம்பளம் ஏற்ற முடியாத வருடத்தில் கொடுத்தார்கள். சட்டையில் குத்திக்கொள்ள இலை வடிவத்தில் ஒரு பேட்ஜும் தந்தார்கள். மற்றவர்கள் அதை மேசை டிராயரில் போட்டார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. கொடுத்த பொறுப்பை ஏற்றுக்கொள்கிறவன் நான்.

‘மௌனா’ என்கிற அந்த எலெக்ட்ரிக் காரை அறிமுகப்படுத்திய விழாவை ரயிலில்தான் பார்த்தேன், போனில். மேடை முழுக்கப் புகை. புகைக்குள்ளிருந்து சத்தமே இல்லாமல் கார் வந்தது. புகையே விடாத காரை எதற்குப் புகைக்குள்ளிருந்து கொண்டுவந்தார்கள் என்று எனக்கும் தோன்றியது, ஆனாலும் கண் கலங்கிவிட்டது. கோரமண்டல் ஸ்டேஷன் வருவதற்குள் முன்பதிவு செய்துவிட்டேன். பங்காருப்பேட்டை வருவதற்குள் பெட்டி முழுக்கச் சொல்லிவிட்டேன். அதுதான் தப்பாகிவிட்டது.

ஏனென்றால் இந்தக் காரைப் பதிவு செய்தால் போதாது. காத்திருக்க வேண்டும். நிறம், சீட், உள்விளக்கு, மெதுவாகப் போகும்போது காரே எழுப்புகிற சத்தம், எல்லாவற்றையும் நாமே தேர்ந்தெடுக்க ஒரு நாள் திறந்துவிடுவார்கள். அந்த நாள் எப்போது என்று கம்பெனிக்கே தெரியாது. நான் காத்திருந்த காலத்தில் ரயிலில் எதிர் சீட்டில் உட்காருகிற சிவகுமார் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டான்.

“இன்னாபா காரு, இன்னிக்கும் டிரெய்ன்லியே வந்துட்ட? வண்டிய சர்வீசுக்கு உட்டுக்கினியா?”

பெட்டியே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஒரு மனிதன் எவ்வளவு நாள் சிரிக்க முடியும் என்பதையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

கார் வருவதற்கு முன் இடம் வேண்டும் அல்லவா. எங்கள் வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் முன்னால் பொதுவாக ஒரு துண்டு நிலம் உண்டு. கம்பெனி இணையதளத்தில் கொடுத்திருந்த அளவைப் பார்த்து, தரையில் சாக்பீஸால் காரை வரைந்தேன். கண்ணாடிகள் நீட்டிக்கொண்டிருப்பதைக்கூட விடவில்லை. என் மனைவி மமதா தண்ணீர்க் குடத்தோடு அதைச் சுற்றித்தான் நடப்பாள். ஒருமுறை கதவு இருக்கிற இடத்தில் குறுக்கே போய்விட்டாள். நான் அவளைப் பார்த்தேன். அதன் பிறகு போகவில்லை.

மாமாவுக்கு அது வேடிக்கை. மூக்கில் பிளாஸ்டிக் குழாயோடு ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் உட்கார்ந்து கூப்பிடுவார்.

“தாமு, உள்ள உக்காந்து பாக்கலாமாடா? இல்ல பெயின்ட் இன்னும் காயலியா?”

சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும். இருமல் வந்தால் அவர் மனைவி மரியா அத்தை ஓடிவந்து முதுகைத் தடவிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்ப்பாள், ஏதோ நான் சிரிக்க வைத்த மாதிரி.

அவருக்கு இருந்தது பாறைத் தூசி நோய். சுரங்கத்தில் இருந்தவர்களுக்கு வருவது, உங்களுக்கே தெரியும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின் ஒன்று பெங்களூரிலிருந்து மகள் வின்னி வாங்கி அனுப்பியிருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் இரவும் பகலும் ஓடும். கரண்ட் போனால் அவசரத்துக்கு ஒரு சிலிண்டர் வாசல் கதவை ஒட்டி நின்றது. அந்தச் சிலிண்டர் சரியாக என் காரின் பின்சக்கரத்தில் நின்றது, சார். அத்தையின் செம்பருத்திச் செடி முன்சக்கரத்தில். இரண்டையும் எடுக்கச் சொன்னேன். செடிக்கு அத்தை சரி என்றாள். சிலிண்டருக்குத்தான் தயங்கினாள்.

“அவசரத்துக்குக் கையில எட்டணுமே தம்பி.”

“பின்னாடி குளிக்கிற ரூம்ல வச்சா கெட்டா பூடும்? அவசரம்னா நான் தூக்கியாந்து தரமாட்டனா அத்த?”

நம்பிக்கையோடு தலையாட்டினாள். நானே உருட்டிக்கொண்டு போய் வைத்தேன். கனம் அதிகம். உதவி என்று வந்தால் நான் கை கட்டி நிற்கிறவன் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் டீசல் கார் வாங்கியிருக்கலாம். பக்கத்தில் மூச்சு நோய்க்காரர் இருக்கிறாரே என்று யோசித்துத்தான் புகையில்லாத கார் பார்த்தேன். இதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

கடைசியில் ஒரு நாள் கம்பெனியிலிருந்து ரூபேஷ் என்ற பையன் கூப்பிட்டான். தன்னை ‘அனுபவ ஆலோசகர்’ என்று சொல்லிக்கொண்டான். எனக்கான வாசல் திறந்துவிட்டதாம். ஞாயிறு சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஆர்டரை உறுதி செய்ய வேண்டும்.

“சார், ஒரே ஒரு சின்ன விஷயம். உங்க ஹோம் சார்ஜிங் டெஸ்ட் பாஸ் ஆகணும். இல்லேன்னா உங்க ஸ்லாட் க்யூவோட கடைசிக்குப் போய்டும். பேஜார் மாட்கோபேடி சார், எல்லாருக்கும் ஒரே ரூல்.”

கன்னடத்தில் கவலைப்படாதே என்று சொல்லியே கவலைப்பட வைக்கிற பயிற்சி அவர்களுக்கு உண்டு போலிருக்கிறது. சோதனைக்கு ஒரு பெட்டி வந்தது. கார் போலவே மின்சாரம் குடிக்கும், ஆனால் கார் இல்லை. சுவரில் சார்ஜரை மாட்டி, இந்தப் பெட்டியைச் செருகி, ஒரு மணி நேரம் பச்சை விளக்கு விடாமல் எரிய வேண்டும். மஞ்சளுக்கு மாறினால் தோல்வி. பெட்டியை சாக்பீஸ் காருக்குள், சார்ஜ் மூடி வரைந்த இடத்தில் வைத்தேன்.

எலெக்ட்ரீஷியன் ராகேஷ் வந்து பார்த்தான். லைன் வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் ஒரே பழைய ஒயர். நடுச்சுவரில் ஒரு பலகை. அதில் அவர்களுக்கு ஒரு பீங்கான் ஃபியூஸ் கட்டை, எங்களுக்கு ஒன்று. மாட்டிப் பார்த்தோம், மஞ்சள்தான் எரிந்தது.

“ரெண்டும் ஒண்ணா ஓடாதுண்ணா. நீ இழுத்தினா பெரியவர் மெஷின் ஆஃப் ஆய்டும்.”

“ஆஃப் ஆனா?”

“இன்னாண்ணா கேள்வி இது. அது ஆஃப் ஆனா அவரும் ஆஃப். புது லைனுக்கு எழுதிக் குடு, வரட்டும்.”

எழுதிக் கொடுத்துத்தான் இருந்தேன். கார் வருவதற்குள் லைனும் வந்துவிடும். ஆக, நிரந்தரமாக அவருக்கு ஒரு குறையும் வரப்போவதில்லை. கேள்வி ஒரு மணி நேரத்தைப் பற்றியது மட்டும்தான். ஷிப்டு ஷிப்டாக மண்ணுக்கு அடியில் காற்றில்லாத இடத்தில் வேலை பார்த்தவர். ஒரு மணி நேரம் மேல் காற்றில் தாக்குப் பிடிக்கமாட்டாரா என்று நான் யோசித்தது தப்பென்று தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேத்தமங்களாவில் அத்தையின் தம்பி பேரனுக்கு ஞானஸ்நானம். அத்தை போவதாக இல்லை. நான்தான் வற்புறுத்தினேன். மமதாவையும் துணைக்கு அனுப்பினேன். வருடக்கணக்காக அந்தக் கட்டிலை விட்டு நகராத பெண்பிள்ளை, சார். ஒரு நல்ல காரியத்தில் கலந்துகொள்ளட்டும் என்று எனக்கு இருந்தது. பஸ் ஏறும்போது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மூணு தட்டுனா வந்துடு தம்பி.”

இதை விளக்க வேண்டும். நீங்கள் வெளியூர்.

ஏசுபாதம் மாமா சுரங்கத்துக்கு அடியில் கேஜில், அதாவது ஆள் ஏறி இறங்குகிற இரும்புக் கூண்டில், ஆட்களை ஏற்றி இறக்கி மணி அடிக்கிற வேலையில் இருந்தவர். என் அப்பா மேலே அந்தக் கேஜை ஓட்டுகிற வைண்டிங் என்ஜின் டிரைவர். கீழே என்ன நடக்கிறது என்று அப்பாவுக்குக் கண்ணால் தெரியாது. மாமா அடிக்கிற மணிதான் கண். ஓடுகிற கேஜுக்கு ஒரு மணி என்றால் நிறுத்து. இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் உள்ளே ஆள் இருக்கிறது, பார்த்து ஓட்டு. கட்டிலில் விழுந்த பிறகு மாமா அதே கணக்கை எங்கள் நடுச்சுவருக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒன்று தட்டினால் எங்கள் டிவியை நிறுத்த வேண்டும். இரண்டு தட்டினால் மமதா ஒரு தம்ளர் ரசம் கொண்டுபோவாள். மூன்று தட்டினால் மூச்சு முட்டுகிறது, ஓடிவா. மமதா முன்னே சில தடவை அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடியிருக்கிறாள்.

பஸ் போனதும் நான் அவருடைய ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினேன். ஓரமாக வைத்தால் யாராவது தட்டிவிட்டு உடைந்துவிடும், பீங்கான். அதனால் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். மாமாவிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம், சிலிண்டரை மாற்றி மாட்டியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் சொன்னால் அத்தைக்குப் போன் போட்டு விஷயத்தைப் பெரிதாக்கியிருப்பார். வயதானவர்களை அனாவசியமாகப் பதற வைக்கக் கூடாது.

விளக்கு பச்சையாக மாறியது. எவ்வளவு அழகான பச்சை என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒரு செல்ஃபி எடுத்தேன். பிறகு உள்ளே போய், நடுச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, போனில் காரை வடிவமைக்க ஆரம்பித்தேன். சீட் நிறம், தையல் நூலின் நிறம், உள்விளக்கு.

ஒரு மணி நேரம் முடிந்ததும் ஃபியூஸைத் திரும்ப மாட்டினேன். மெஷின் தானாக ஓட ஆரம்பித்தது. எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைத்திருக்கிறேன். பிறகு டெஸ்ட் பாஸ் ஆன விஷயத்தை முதலில் மாமாவிடம்தான் சொல்லப் போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மூக்குக் குழாய் சரியாகத்தான் இருந்தது. காற்றும் வந்துகொண்டிருந்தது.

அத்தைக்கு நானே போன் செய்தேன். சாவு வீட்டு வேலை அத்தனையும் நான்தான் ஓடியாடிப் பார்த்தேன், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். பந்தல் போடவும் சவப்பெட்டியை வைக்கவும் காலி இடம் சாக்பீஸ் கோட்டுக்குள் மட்டும்தான் இருந்தது. பெட்டி உள்ளே நன்றாகவே பொருந்தியது, முன்னாலும் பின்னாலும் இடம் மிச்சம். அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. பெஞ்சின் கால் கோட்டை அழிக்காமல் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னேன், அவ்வளவுதான். அதை வின்னி தப்பாக எடுத்துக்கொண்டாள்.

செல்ஃபியை அந்த ஞாயிற்றுக்கிழமையே எங்கள் லைன் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தேன். ‘ஊரிகத்தில் பசுமைப் புரட்சி ஆரம்பம்’ என்று எழுதியிருந்தேன். அதற்கு அடுத்த பதிவே சாவுச் செய்தி என்பதால் யாரும் கைதட்டவில்லை, எனக்குச் சற்று வருத்தம்தான். அடக்கம் முடிந்து வந்த பிறகு ராகேஷ் அதைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறான். எல்லாரும் இருக்கும்போது கேட்டான்.

“அண்ணா, பாக்கெட்ல இன்னா வெள்ளையா?”

இலை பேட்ஜுக்குக் கீழே அந்த ஃபியூஸ் கட்டை, பேனா மாதிரி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் மறைக்க முயலவில்லை. மறைக்கிற எண்ணம் இருந்தால் குரூப்பில் போடுவேனா? அத்தை என்னைப் பார்க்கவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய், குளிக்கிற ரூமிலிருந்து அந்தச் சிலிண்டரைத் தனியாக உருட்டிக்கொண்டு வந்து கோட்டுக்கு நடுவில் நிறுத்தினாள். அங்கேதான் இன்னும் நிற்கிறது. ஆர்டர் உறுதியாகிவிட்ட நிலையில் அதை எடுக்கச் சொல்லவேண்டும், நீங்கள் சொன்னால் கேட்பாள்.

சத்தம் ஏதும் கேட்கவில்லையா என்று நீங்கள் இரண்டாவது தடவை கேட்கிறீர்கள். கேட்டது, சார். நான் காதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. கார் எழுப்புகிற சத்தத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன், அதற்குக் காது முக்கியம். முதலில் அவருடைய மெஷின் கரண்ட் இல்லை என்று பீப் அடித்தது. அது போனில் வருகிறதா சுவரிலிருந்து வருகிறதா என்று முதலில் புரியவில்லை, நன்றாக இருந்தது. பிறகு சுவரில், என் முதுகுக்குப் பின்னால், மூன்று தட்டு. கொஞ்சம் கழித்து மறுபடி மூன்று. அதற்கப்புறம் ஒரு தடவை இரண்டோடு நின்ற மாதிரி இருந்தது, நான் காத்திருந்தேன், மூன்றாவதும் வந்தது. லேசாக. முதுகில் யாரோ விரலை வைத்த மாதிரி.

உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அது எனக்குத் தெரிந்த விஷயம்தானே. தெரிந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தேன், விளக்கு பச்சையாகவே இருந்தது.

ஆனால் நிறுத்து என்பதற்கு ஒரு தட்டு, சார். அவர் ஒரே ஒரு தட்டு தட்டியிருந்தால் அந்த நிமிடமே எழுந்து நிறுத்தியிருப்பேன். நான் வைண்டிங் டிரைவர் மகன். மணியை மீறுகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.