பதினெட்டு லட்சம் பேர் பார்த்த டீ

புஷ்பலதா: இன்னொரு மடக்கு குடிச்சுப் பாருங்க.

தங்கப்பாண்டி: ஆறாவது டம்ளரு புஷ்பா. இனிமே கஞ்சி குடிச்சாலும் எனக்கு ஏலக்காதேன் தட்டும்.

புஷ்பலதா: அந்த ருசி வந்துருச்சா இல்லையா?

தங்கப்பாண்டி: எந்த ருசின்னு எனக்கெப்படித் தெரியும்? அன்னைக்குக் குடிச்சது வீடியோக்கார ஜெகதீஷு. நானா குடிச்சேன்?

புஷ்பலதா: டீய ஆத்துனது நீங்கதானே?

தங்கப்பாண்டி: ஆத்துறவன் குடிச்சுப் பாக்கணும்னு சட்டமா இருக்கு?

சந்திரவல்லி: அண்ணே, ஒரு டீ. ஏலக்கா போடாம.

தங்கப்பாண்டி: வா தாயி. போடிமெட்டுக்கு ஏறுற வண்டியெல்லாம் ஏலக்கா டீக்குன்னே இங்க நிக்குது. நீ ஒருத்திதேன்...

சந்திரவல்லி: காலையில இருந்து பொழுது சாயிற வரைக்கும் குடோன்ல ஏலக்காதானே பெறக்குறோம். டீக்குள்ளயும் அது வந்தா நான் எங்கிட்டுப் போறது? ஆமா... என்ன மதினி, கடையில மாலையெல்லாம் தொங்குது?

புஷ்பலதா: ஜெகதீஷு மறுபடியும் வர்றாரு. பத்து மணிக்கு. இந்தத் தடவ டிவிக்காரகளையும் கூட்டியாறாரு.

சந்திரவல்லி: நல்லதுதானே?

தங்கப்பாண்டி: என்னத்த நல்லது! போன வாரம் மதுரையில இருந்து வந்தவுக நாலு பேரு, ‘வீடியோவுல சொன்ன ருசி இல்லையே’ன்னு மூஞ்சியச் சுளிச்சுட்டுப் போனாக. அதையே அவரும் டிவியில சொல்லிட்டா கடைய இழுத்து மூட வேண்டியதுதேன்.

சந்திரவல்லி: மலைப் பாலுன்னு என்னமோ சொன்னாருல்ல?

புஷ்பலதா: ‘ஏலக்கா வாசத்துக்கு அடியில லேசா ஒரு புளிப்பு தட்டுது பாருங்க மக்களே... அதுதான் மலைப் பாலோட குணம்!’ பதினெட்டு லட்சம் பேரு பாத்துருக்காக.

சந்திரவல்லி: நமக்கு வர்றது கீழ சிலமலை ஊர்ல இருக்குற வீரையா மாட்டுப் பாலுல்ல?

தங்கப்பாண்டி: மெதுவாப் பேசு தாயி. எதுத்த கடைக்காரன் போர்டே எழுதி மாட்டிட்டான். ‘ஒரிஜினல் மலைப் பால் டீ.’

சந்திரவல்லி: அவுகளுக்கும் வீரையா பாலுதேன்.

தங்கப்பாண்டி: எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல. பதினோரு வருசமா நம்ம டீயில ஏலக்கா விழுந்ததில்ல. குடோன் பொம்பளைக தொட மாட்டாகன்னு. வீடியோவுக்கு அப்புறந்தேன் போட ஆரம்பிச்சோம். அன்னைக்கு அவருக்கு மட்டும் எப்படி ஏலக்கா தட்டுச்சு?

புஷ்பலதா: அதான் சொன்னேன்ல... குடோன் கை பட்ட டம்ளரு. வாசம் ஒட்டியிருக்கும்.

சந்திரவல்லி: என் கைய ஏன் இழுக்குறீக மதினி? நான் கழுவிட்டுத்தேன் வருவேன்.

தங்கப்பாண்டி: புஷ்பா?

புஷ்பலதா: நாந்தேன் போட்டேன். நாலு காய் தட்டி.

தங்கப்பாண்டி: எதுக்கு?

புஷ்பலதா: பாலு... ஒரு மாதிரி வாட அடிச்சுச்சு. அவரு கேமராவத் தூக்கிட்டு உள்ள வந்துட்டாரு. அவரு முன்னாலயா கொட்ட முடியும்? அதான் வாடய அமுக்குனேன்.

தங்கப்பாண்டி: வாட அடிக்கத்தேன் செய்யும். முந்துன நாளு கரண்டு போயி பிரிட்ஜுல கெடந்த பாலு. புதுப் பாலு பாதி கலந்து காச்சிட்டேன்.

புஷ்பலதா: தெரிஞ்சேவா? எங்கிட்ட ஒரு வார்த்த...

தங்கப்பாண்டி: நீ மட்டும் சொன்னியாக்கும்?

சந்திரவல்லி: அப்ப அந்த மலைப் பாலோட குணம்...

தங்கப்பாண்டி: கெட்டுப்போன பாலோட குணம்.

புஷ்பலதா: அதான் ஆறு டம்ளர் போட்டும் வர மாட்டேங்குது!

தங்கப்பாண்டி: வரும். நேத்துப் பாலு கொஞ்சம் வெளியவே எடுத்து வச்சிருக்கேன்.

புஷ்பலதா: அட கெரகமே!

தங்கப்பாண்டி: ரெண்டே கரண்டி. அவருக்கு மட்டும்.

புஷ்பலதா: அவரு வயித்துக்கு ஏதாச்சும் ஆயிட்டா?

தங்கப்பாண்டி: அன்னைக்கு ஒண்ணும் ஆகலையே. மறுநாளே மூணாறுல நின்னு புட்டு தின்னு வீடியோ போட்டாரு... அந்தா, வேன் வந்து நிக்குது. வெரசாச் சொல்லு. ஊத்தவா, வேணாமா?

புஷ்பலதா: வல்லி, நீ சொல்லு...

சந்திரவல்லி: நல்ல பாலையே ஊத்துங்கண்ணே. புளிப்ப அவரே நாக்குல வரவச்சுக்குவாரு.

தங்கப்பாண்டி: நீ சொல்லிட்டுப் போயிருவ. புளிப்பு இல்லைன்னு அவரு கண்டுபிடிச்சுட்டா?

சந்திரவல்லி: அன்னைக்கு அதே பாலுல எனக்கும் ஒரு டீ குடுத்தீக, ஏலக்கா இல்லாம. வயித்தால போயி ரெண்டு நாளு நான் வேலைக்கே போகல. மூணாம் நாளு அந்த வீடியோவப் பாத்தேன்... அம்புட்டுப் பேரு நல்லாருக்குங்குறாகளே, நம்ம நாக்குதேன் சரியில்லபோலன்னு லைக்கப் போட்டு, தங்கச்சிக்கும் அனுப்பி வச்சேன்.