அப்பா பேருக்கு ஒரு கல்

நான் தப்பாத்தான் சொல்லுவேன், முன்னாடியே சொல்லிடறேன். எட்டாவதோட படிப்பை விட்டவ, கோர்வையா சொல்ல வராது. நீங்க அந்தப் பொட்டியைக் கொஞ்சம் நகத்திக்கிட்டா காலை நீட்டிக்குவேன். ஆங், போதும்மா.

விஷயம் ஒண்ணுதான். எங்க ஊருக்கு மேல ஒரு சின்ன அணை இருக்கு. அது ஒழுகுது. ஒழுகறது என்னாலதான். ஊர்ல ஒருத்தர்கிட்டயும் சொல்லல. உங்ககிட்ட சொல்றேன்னா, நீங்க இந்த பஸ்லயே பிட்ஸ்பர்க் வரைக்கும் போறவங்க, எங்க ஊர் பேரையே நாளைக்கு மறந்துடுவீங்க.

எல்லாம் அந்த நினைவுச் சுவரால வந்த வினை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகள்ல நாடே வேலையில்லாம கெடந்தப்போ, சர்க்கார் எளவட்டப் பையங்களைச் சேத்து, காட்டுல முகாம் போட்டு வேலை குடுத்துச்சே, கேள்விப்பட்டிருக்கீங்களா? உங்க தாத்தாவுமா? பாத்தீங்களா. எங்க மலையில நிக்கிற பைன் மரம் பூரா அவங்க நட்டது. ரோடு, கல்லுப் படி, இந்த அணை, எல்லாம் அவங்க கை. அதுல மிச்சம் இருக்கற நாலஞ்சு கெழவங்களும் போய்ச் சேர்றதுக்குள்ள ஒரு சுவர் எழுப்பணும்னு ஊர்ல முடிவாச்சு. அதுக்குத் தலைவரு ஸ்டவுஃபர், ஆணி சுத்தியல் கடை வச்சிருக்கறவரு. கல்லை வெலைக்கு வாங்க வேணாம், ஒவ்வொரு வீட்டுலயும் அப்பன் பாட்டன் கட்டினதுலேருந்து ஒரு கல்லு கொண்டாங்க, அதுல பேரை வெட்டிப் பதிச்சுடலாம்னாரு.

ஆளாளுக்குக் கொண்டாந்தாங்க. இடிஞ்சு கெடந்த முகாம் புகைபோக்கிலேருந்து ஒருத்தன், ஒடஞ்ச படியிலேருந்து ஒருத்தன். எங்கப்பா, எல்வுட்டுன்னு பேரு, அந்த முகாம்ல சமையக்கட்டு ஆளு. உருளைக்கெழங்கு தோலு சீவினவரு. ஒரு கல்லைத் தூக்கினதில்ல. கூட்டத்துல எல்லாரும் இருக்கறப்ப ஸ்டவுஃபர் கேக்கறாரு, வெர்னா, நீ என்னத்தக் கொண்டாரப் போற, ஒரு கெழங்கான்னு. எல்லாம் சிரிச்சாங்க. நானுந்தான் சிரிச்சேன், வேற என்ன பண்ண? பக்கத்து வீட்டு டாட்டி மட்டும் சிரிக்கல. அந்தாளு ஆக்கிப் போட்டதைத் தின்னுட்டுத்தானடி கல்லு தூக்கினாங்க, சட்டியைக் கொண்டாந்து வையின்னா. சட்டியையே கொண்டுபோயிருக்கலாம்.

நான் அணைக்குப் போனேன். மிச்சத் தண்ணி வழியற எடத்துல, பக்கச் சுவருக்கு அடியில, ஒரு கல்லு ஆடற பல்லு மாதிரி நின்னுச்சு. கடப்பாரையை வச்சு ரெண்டு நெம்பு நெம்பினேன், கையோட வந்துடுச்சு. அப்பா வச்ச கல்லுன்னு குடுத்தேன். ஸ்டவுஃபர் அதைத் தடவிப் பாத்துட்டு, எல்வுட்டுக்குக் கொத்தனார் வேலையும் தெரியுமா, நான்தான் தெரியாமப் பேசிட்டேன் வெர்னா, மனசுல வச்சுக்காதன்னாரு. நல்ல மனுஷன்தான். நட்ட நடுவுல பதிச்சாரு. இப்ப அதுக்கு மேல வரிசையா வேற கல்லு ஏத்தியாச்சு. உருவ முடியாது.

அப்பறம்தான் இந்த மழை புடிச்சுக்கிச்சு. போய்ப் பாத்தா, அந்தப் பொந்துலேருந்து தண்ணி வருது. தெளிஞ்ச தண்ணியா இருந்தா விட்டிருப்பேன். கலங்கலா வருது. கலங்கலா வந்தா உள்ள மண்ணு கரையுதுன்னு அர்த்தம், எங்க பக்கம் சின்னப் புள்ளைக்கும் தெரியும். சாக்குல மண்ணை ரொப்பி அடைச்சுட்டு வந்தேன். மறுநாள் போனா சாக்கு எங்கயோ தள்ளிக் கெடக்குது.

சொல்லத்தான் போனேன், சத்தியமா. ஸ்டவுஃபர் கடைக்குள்ளயே போயிட்டேன். நாளைக்குத் தெறப்பு விழா. கொடி மடிச்சுக்கிட்டிருந்தாரு. உங்கப்பா பேருக்குப் பக்கத்துல உன்னை நிக்க வச்சுப் போட்டோ எடுக்கணும்ங்கறாங்க பத்திரிகைக்காரங்க, நல்ல கவுனாப் போட்டுக்கிட்டு வான்னாரு. நான் கொஞ்சம் ஆணி வாங்கிக்கிட்டுத் திரும்பி வந்துட்டேன். எனக்கு எதுக்கு ஆணி?

இல்லம்மா, ஒடஞ்சே போகும்னு யாரு கண்டா. அறுவது வருஷமா நிக்குது. மழை விட்டுட்டா ஒண்ணும் ஆகாது. என்ன? கீழயா? நேர் கீழ ரெண்டே வீடுதான். ஒண்ணு என்னுது. இன்னொண்ணு டாட்டியோடது.

அவகிட்ட சொன்னேனே. சொன்னேன்னா, ரெண்டு நாள் எங்கூட அக்கா வீட்டுக்கு வாயேன்னு கூப்பிட்டேன். ஏண்டி, விழாவை வச்சுக்கிட்டு யாராவது ஊருக்குப் போவாளா, உங்கப்பனுக்கு நான் தனியா நின்னு கை தட்டணுமாக்கும்னா. ஏன் கூப்பிடறேன்னு நான் சொல்லல.

தெரியும், அடுத்த ஊர்ல பஸ் நிக்கும், போன் இருக்கு. போன ஊர்லயும் நின்னுச்சு, அங்கயும் போன் இருந்துச்சு. சன்னல் வழியா அதைப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.

வீட்டுல கோழி வச்சிருக்கேன். அதுங்களை இன்னிக்குக் காலையில கூண்டோட தூக்கி மேட்டுல, தேவாலயத்துக்குப் பின்னால இருக்கற கொட்டாய்ல கொண்டுபோய் விட்டுட்டேன். ஒத்தையா தூக்க முடியல. டாட்டிதான் வந்து இன்னொரு பக்கம் புடிச்சா. இந்த மழையில மேட்டுக்கு என்னத்துக்குடின்னு கேட்டா. வீட்டுக் கொட்டாய்ல கோழிப்பேன், மருந்து அடிச்சிருக்கேன்னேன். சரி, தீனி நான் வந்து போட்டுக்கறேன், நீ கவலைப்படாம போயிட்டு வான்னா. கூண்டை எறக்கி வச்சுட்டு, மூச்சு வாங்கிட்டு, தலையில கோட்டைப் போத்திக்கிட்டு, கீழ அவ வீட்டுக்கு எறங்கிப் போனா.