வலது மூலை காஜா நவாஸ் அண்ணனுக்கு

களத்தின் வலது மூலையில் நின்று கணுக்கால் பிடியால் எதிரணியைக் கலங்க வைத்தவரே, கரகரத்த குரலால் எங்கள் கரையைத் தொலைக்காட்சியில் ஒலிக்க வைத்தவரே, திருப்பாலைக்குடிக் கபடிக் கழகத்தின் மூத்த அண்ணனே, உங்களுக்கு எங்கள் வணக்கமும் ஸலாமும்.

தொழில்முறை ஆட்டத்தை முன்பே முடித்துக்கொண்ட அண்ணன், இப்போது வர்ணனை மேசையிலிருந்தும் ஓய்வு பெற்று எழுந்து வந்திருக்கிறார். மணலில் ஆடிப் பழகிய கால்கள் மெத்தை விரித்த அரங்குகளில் ஆடின. கோப்பைகள் வந்தன. கழுத்தெலும்பு ஒருமுறை முறிந்தது. பெருநாள் சிறப்பு நிகழ்ச்சியில் மீன் வறுக்கச் சொன்னார்கள், கருக்கிவிட்டார். வர்ணனை முடித்து வீடு வந்தால் மதினி நூர் நிஷா, "டிவியில அம்புட்டுப் பேசுறீக, கறி எப்படின்னு கேட்டா மட்டும் தலைய ஆட்டுறீக" என்பார். அதற்கும் அண்ணன் தலையைத்தான் ஆட்டுவார்.

தோற்ற ஓர் இறுதிப்போட்டியும் உண்டு.

நம் மணல் களத்தில் நடுவர் கிடையாது. கபடி பாடி வந்தவர் தொட்டுவிட்டால், தொடப்பட்டவர் தானே கையைத் தூக்கிவிட்டு வெளியேற வேண்டும். அண்ணன் அப்படியே வளர்ந்தவர். அந்த இறுதிப்போட்டியில் இரு அணிக்கும் புள்ளிகள் சமம். கடைசியாகப் பாடி வந்த எதிரணி வீரரின் கால் நகம் அண்ணனின் காலில் உரசியது. உரசியவருக்கே அது தெரியவில்லை; வெறுங்கையோடு திரும்பினார். நடுவர்களும் பார்க்கவில்லை. ஆனால் அண்ணனின் கை உயர்ந்துவிட்டது. யோசித்து உயர்த்தவில்லை என்று அவரே சொல்வார். நினைப்பு வருவதற்குள் கால் கோட்டைத் தாண்டியிருந்தது. ஒரே புள்ளியில் கோப்பை போயிற்று.

அதே அணியில் ஆடிய நம் முதுகுளத்தூர் யோகேஸ்வரனுக்கு அதுவே கடைசி ஆட்டம். முழங்கால் அதற்குமேல் தாங்காது. அண்ணனிடம் முன்பே வென்ற கோப்பைகள் இருந்தன. யோகேஸ்வரனிடம் ஒன்றும் இல்லை. ஊர் திரும்பும் பேருந்தில், "ஏலே, நீ நல்லவனாகுறதுக்கு என் கோப்பைதான் கெடைச்சுதா?" என்று கேட்டார். அத்தோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

பின்னர் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் இதைக் கிளறினார்கள்.

"யாருமே பார்க்கலையே சார்?"

"ஏன், நான் அங்கனதான நின்னேன்."

அரங்கம் கைதட்டியது. அண்ணன் சிரிக்கவில்லை. "தட்டாதீங்க. அது எங்க கூட்டாளி ஒருத்தனோட கோப்பை. அவன்ட்ட கேட்டுட்டுத் தட்டுங்க" என்றார்.

அந்தப் பேச்சுதான் அவருக்கு வர்ணனை வாய்ப்பைக் கொண்டுவந்தது. அதுவும் அவரை உறுத்தியது. பழக்கத்தில் செய்ததற்குப் பாராட்டு தமக்கும் இழப்பு இன்னொருவருக்கும் என்று ஆனது நியாயமா என்று பலமுறை எங்களிடம் கேட்டிருக்கிறார். ஊரில் இருக்கும் நாட்களில் முதுகுளத்தூர்ப் பேருந்து வரும் வேளைக்குக் களத்தில் நிற்பார். அதில் யோகேஸ்வரன் வந்ததில்லை.

இந்த மடலில் அந்த ஆட்டத்தை முதலில் நாங்கள் எழுதவில்லை. மடலில் கையெழுத்து வாங்க யோகேஸ்வரன் வீட்டுக்குப் போனோம். நிதானமாகப் படித்தார்.

"செயிச்சது எல்லாம் இருக்கு. தோத்தது எங்கப்பா?"

"உங்களுக்கு வருத்தமா இருக்கும்னு..."

"வருத்தந்தான். அதையும் எழுதுங்க. எழுதுனா நானே வந்து வாசிக்கிறேன்."

காஜா நவாஸ் அண்ணனே, முட்டி வலி தள்ளி நிற்க, குரல் கம்மாதிருக்க, மதினியோடும் பிள்ளைகளோடும் நெடுங்காலம் நலமாக இருங்கள். இதை உங்கள் முன் நின்று வாசித்து முடித்திருப்பவர் யோகேஸ்வரன். இனி அவரிடம் நீங்கள் பேசலாம்.

என்றும் அன்புடன்,
யோகேஸ்வரனும் கழகத்தார் அனைவரும்
திருப்பாலைக்குடி